கேயும் கேபியும்

இலங்கையின் அக்கரப்பத்தனைக் கடைகளில் பாணை இன்றும் இறாத்தல் கணக்கில்தான் கேட்கிறார்கள். இறாத்தல் என்றால் 453.6 கிராம், அரசு விதித்த பாணின் நிறையோ 450. ஒரு வீதத்துக்கும் குறைவான பேதம் என்பதால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. கிலோபைட்டும் இப்படி 1000, 1024 என இரண்டு அளவைச் சுமக்கிறது. ஆனால் அங்கே பேதம் 2.4 வீதத்தோடு நிற்காமல் மெகாவில் 4.9, கிகாவில் 7.4 என ஏறி, டெராவில் 10 வீதத்தைத் தொடுகிறது.

மென்பொருளின் அமைவுக் கோப்பில் பைட் அளவைச் சுருக்கி, எண்ணுக்குப் பின்னால் கே, எம் போன்ற ஓர் எழுத்தைப் போடும் வழக்கம் நல்லதுதான். 536870912 என்று அடிக்கும்போது ஓர் இலக்கம் தவறினால் கண்ணுக்குத் தெரியாது, 512எம் என்றால் தெரியும். நினைவகம் இரண்டின் அடுக்குகளில் வருவதால் 1024-க்கும், வட்டுத் தயாரிப்பாளர்கள் பத்தின் அடுக்கில் விற்பதால் 1000-க்கும் நியாயம் உண்டு.

கோளாறு, எழுத்தின் பொருளை ஒவ்வொரு மென்பொருளும் தன்பாட்டில் தீர்மானிப்பதில் இருக்கிறது. ரெடிஸ் தரவுத்தளத்தில் கே என்றால் 1000, கேபி என்றால் 1024. லினக்ஸின் டிடி கட்டளையிலோ கே 1024, கேபி 1000. நேர் எதிர்! இரண்டையும் ஒரே நாளில் தொடுபவரை யார் காப்பாற்றுவது?

சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1024-இன் அடுக்குகளுக்கு 1998-இலேயே மெபி போன்ற தனிப்பெயர்களைக் கொடுத்துவிட்டது. நிரல்களைக் கொள்கலன்களில் இயக்கும் குபர்னெட்டிஸ் அதை மதித்து, பத்தின் அடுக்குக்கு எம், இரண்டின் அடுக்குக்கு எம்ஐ என்று பிரித்தது. ஆனாலும் ஜாவாவுக்கு 500எம் ஹீப் (நிரலின் தரவு குடியிருக்கும் நினைவகம்) கொடுத்து, குபர்னெட்டிஸிலும் 500எம் என்றே நினைவக வரம்பு வைத்தால், ஹீப்பின் உச்சம் வரம்பைவிட 2.4 கோடி பைட் பெரிது. ஜாவாவுக்கு அந்த எழுத்து 1024 கணக்கு. ஹீப் நிரம்பும் வேளையில், பெரும்பாலும் சுமை கூடிய நேரத்தில், நிரல் கொல்லப்படும். (ஹீப்புக்கு வெளியேயும் ஜாவாவுக்கு இடம் வேண்டும் என்பது வேறு கதை.) போதாததற்கு, குபர்னெட்டிஸில் சின்ன எம் ஆயிரத்தில் ஒன்று. நினைவகத்துக்கு 400 சின்ன எம் கேட்டால் 0.4 பைட் என்று பொருள்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் தன் கிலோபைட்டை 1024 என்றே வைத்திருக்கிறது. தரநிலைப்படி அது பிழை. ஆனால் அதற்கு அங்கே ஒரே பொருள்தான், எழுத்தின் பெரிது சிறிது மாறினாலும் ஏற்காது. சுத்தமான தரநிலையோடு 0.4 பைட்டையும் வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டைவிட, பிழையான பெயரோடு கண்டிப்பாக இருக்கும் இதையே நான் நம்புவேன். இரண்டு மென்பொருள்கள் ஒரே வரம்பைப் பகிரும் இடத்தில் மட்டும், எழுத்தே வேண்டாம். பைட் கணக்கை முழுதாக எழுதலாம்.