நாற்பதுக்குப் பிறகு போனை ஒழுங்கு செய்வது

நடுவயதில் மன அமைதியைத் தேடுகிறவர்களுக்குத் தொழில்நுட்பச் சந்தை இரண்டு பொருள்களை முன்னால் நிறுத்துகிறது. ஒன்று, தியானம் சொல்லித்தரும் செயலி. ஹெட்ஸ்பேஸ் நிறுவனம் 2010-லும் கால்ம் நிறுவனம் 2012-லும் தொடங்கின. அவற்றைப் பார்த்துப் பின்னால் வந்தவை ஏராளம். இன்னொன்று, மணிக்கட்டில் கட்டிக்கொண்டால் மன அழுத்தத்துக்கு மதிப்பெண் போடும் ஸ்மார்ட் வாட்ச். தியானத்தால் பயன் பெறுகிறவர்கள் உண்டு, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் செயலியைத் தொடர்ந்து திறக்கிறவர்கள் மிகக் குறைவு. அமித் பாமெல் குழுவினர் 93 மனநலச் செயலிகளின் உண்மையான பயன்பாட்டுத் தரவை ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டார்கள். 30-ஆம் நாளிலும் அவற்றைத் திறந்தவர்களின் இடைநிலை அளவு 3.3 சதவீதம். வாட்ச் போடும் மதிப்பெண்ணோ, ஓர் இதயத் துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையிலான நேரம் எவ்வளவு மாறுகிறது என்பதை வைத்துக் கணக்கிடப்படுவது. அந்த மாற்றம் வயது ஏற ஏறத் தானாகவே குறையும். காய்ச்சல் வந்தாலும் தூக்கம் கெட்டாலும் குறையும். அழுத்தம் கூடியிருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு என்ன செய்வது என்று கேட்டால், கொஞ்சம் மூச்சை இழுத்துவிடச் சொல்வதோடு வாட்ச் நின்றுவிடுகிறது. அதனால் இந்த விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டது வேறொன்று: காசு கொடுத்து வாங்க வேண்டாத, எல்லார் கையிலும் ஏற்கெனவே இருக்கிற, போனின் நோட்டிஃபிகேஷன் வசதிகள்.

இந்த வயதில் போன் ஏன் இவ்வளவு சத்தம் போடுகிறது என்பதற்குக் காரணம் உண்டு. நாற்பதிலிருந்து அறுபது வரையுள்ள ஒருவரின் போனில் பிள்ளையின் பள்ளிக் குழு இருக்கும், அப்பாவின் ரத்தப் பரிசோதனை முடிவு வரும் லேப் இருக்கும், அலுவலகம் இருக்கும், குடியிருப்போர் சங்கம் இருக்கும், வீட்டுக் கடன் தவணை இருக்கும், பழைய வகுப்புத் தோழர்களின் குழுவும் இருக்கும். இளைஞனால் போனை ஒரு நாள் அணைத்து வைக்க முடியும். இவரால் முடியாது, ஏனென்றால் வருகிற நூறில் ஒன்று உண்மையிலேயே அவசரம். அந்த ஒன்றுக்காக மற்ற தொண்ணூற்றொன்பதையும் காதில் வாங்கிக்கொண்டிருக்கிறார். குளோரியா மார்க்கும் அவருடைய சகாக்களும் 2008-ல் வெளியிட்ட ஆய்வு, இடையூறு வந்தவர்கள் வேலையைத் தாமதமாக முடிக்கவில்லை, இன்னும் விரைவாகவே முடித்தார்கள் என்று காட்டியது. அதற்கு விலையாக அழுத்தமும் எரிச்சலும் அவசர உணர்வும் கூடின. நடுவயதுக்காரர்களின் நிலையும் இதுதான். எல்லாம் நடந்துகொண்டுதான் இருக்கிறது, எதுவும் நின்றுபோகவில்லை, ஆனால் நாள் முடியும்போது ஆள் களைத்துப்போகிறார். ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் இன்னொன்றையும் காட்டினார்கள். போனை எடுத்துப் பார்க்காவிட்டாலும், நோட்டிஃபிகேஷன் வந்த சத்தமோ அதிர்வோ மட்டுமே கவனத் தேர்வில் தவறுகளைக் கூட்டியது. “நான் பார்ப்பதே இல்லை, சும்மா வந்துவிட்டுப் போகட்டும்” என்று சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அப்படியானால் எல்லாவற்றையும் மௌனமாக்கிவிடலாமே என்றால், ஆதாரம் அங்கே வேறு பக்கம் திரும்புகிறது. 237 பேரை வைத்து நடந்த கள ஆய்வு ஒன்று 2019-ல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு நோட்டிஃபிகேஷன்களைத் தேக்கிவைத்து, ஒரு நாளைக்கு மூன்று வேளை மட்டும் மொத்தமாகக் கொடுத்தார்கள். அவர்களுக்குக் கவனம் கூடியது, அழுத்தம் குறைந்தது, போன் தங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்ற உணர்வு வந்தது. நோட்டிஃபிகேஷனே கொடுக்காத பிரிவினருக்கு இந்த நன்மைகள் பெரும்பாலும் கிடைக்கவில்லை. எதையோ தவறவிடுகிறோம் என்ற பதற்றம்தான் கூடியது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மெங்சி லியாவோவும் எஸ். ஷ்யாம் சுந்தரும் 2022-ல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையில் நிற்கிறது: 138 ஐபோன் பயனர்களில் போனை முழு சைலன்ட்டில் வைத்தவர்கள் அதைக் குறைவாக அல்ல, அதிகமாக எடுத்துப் பார்த்தார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகிறது. மனத்தை அலைக்கழிப்பதில் சத்தத்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு, என்ன வந்திருக்குமோ என்ற நிச்சயமின்மைக்கும் உண்டு. அவசரமானது கட்டாயம் ஒலிக்கும், மற்றவை குறித்த வேளையில் வரும் என்ற உறுதி இருந்தால்தான் போனை மறந்து வேறு வேலை பார்க்க முடியும். அந்த உறுதியை எந்த வசதி தருகிறது என்பதே இங்கே அளவுகோல்.

இந்த அளவுகோலுக்கு மிக அருகில் வருவது ஐபோன். 2021-ல் ஐஓஎஸ் 15-உடன் வந்த ஷெட்யூல்டு சம்மரி, நாம் தேர்ந்தெடுத்த செயலிகளின் நோட்டிஃபிகேஷன்களைச் சேர்த்துவைத்து நாம் குறித்த நேரத்தில் ஒரே கட்டாகக் காட்டும். காலை, மதியம், மாலை என மூன்று வேளை வைத்தால் ஏறக்குறைய அந்த 237 பேர் ஆய்வின் ஏற்பாடே கைக்கு வந்துவிடுகிறது. செய்தித்தாள், ஷாப்பிங், உணவு டெலிவரி, முகநூல் எல்லாவற்றையும் இதில் தயக்கமின்றிப் போடலாம். ஆனால் வாட்ஸ்அப்பை இதில் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருக்க நினைப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். அழைப்புகளும் நேரடிச் செய்திகளும், செயலியே ‘உடனடி’ என்று முத்திரை குத்தி அனுப்புபவையும் இந்தத் தேக்கத்துக்குள் அடங்காது. வந்த கணமே ஒலிக்கும். தொல்லையில் பெரும்பங்கு வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து வருவதால், அவற்றை வாட்ஸ்அப்புக்குள்ளேதான் அடக்க வேண்டும்.

நம் ஊரில் பெரும்பாலோர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு. நேரம் குறித்து மொத்தமாகத் தரும் வசதி ஐபோனில் போல எல்லா ஆண்ட்ராய்டு போன்களிலும் அமைந்திருக்கவில்லை. இது பெரிய குறை. அதற்கு ஈடாக, வேறெதிலும் இவ்வளவு நுட்பமாகக் கிடைக்காத ஒன்று இதில் இருக்கிறது. 2017-இன் ஆண்ட்ராய்டு 8 முதல், ஒரே செயலியின் நோட்டிஃபிகேஷன்களை வகைவகையாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி விதி வைக்கலாம். ஆர்டர் கிளம்பிவிட்டது என்ற தகவல் ஒலிக்கட்டும், தள்ளுபடி விளம்பரம் வரவே வேண்டாம் என்று முடிவு செய்யலாம். செட்டிங்ஸுக்குள் போய் ஒவ்வொரு செயலியாகத் தேடினால் அரை மணி நேரத்தில் சலித்துவிடும். நோட்டிஃபிகேஷன் வரும்போது அதன்மேலேயே விரலை அழுத்திப் பிடித்தால் ‘சைலன்ட்’ என்ற தேர்வும், அந்த வகையை நிறுத்தும் தேர்வும் அங்கேயே வரும். வருவதை வந்த இடத்திலேயே இப்படிக் கவனித்து வந்தால், தனியாக உட்கார்ந்து செய்யாமலே போன் படிப்படியாக அடங்கிவிடும். சைலன்ட்டாக்கியவை தொலைந்துபோவதில்லை, திரையை மேலிருந்து இழுத்தால் கீழ்ப்பகுதியில் காத்திருக்கும். வேளை பார்த்து இழுத்துப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் நாம் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். சில செயலிகள் விளம்பரத்தையும் அவசியத் தகவலையும் ஒரே வகைக்குள் போட்டு அனுப்புகின்றன. அப்படிப்பட்ட செயலியை முழுவதுமாக நிறுத்திவிடுவதே நல்லது; ஆர்டர் எங்கே வருகிறது என்று நாமே திறந்து பார்த்துக்கொள்ளலாம். 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், புதிதாக நிறுவும் செயலி நோட்டிஃபிகேஷன் அனுப்ப முதலில் அனுமதி கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு ‘வேண்டாம்’ என்பதையே வழக்கமாக்கிக்கொண்டு, தேவைப்பட்டால் பிறகு திறந்துவிடுவது புத்திசாலித்தனம்.

இரவுக்கென்று இருப்பது ‘டூ நாட் டிஸ்டர்ப்’. வயதான பெற்றோர் இருப்பவர்கள் இதைத் தொடவே அஞ்சுகிறார்கள், அந்த அச்சம் நியாயமானது. நள்ளிரவில் அம்மாவுக்கு மூச்சுத் திணறல் என்று அழைப்பு வந்து, போன் வாய்மூடிக் கிடந்தால் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் இந்த வசதிக்கு இரண்டு திறப்புகள் உண்டு. தொடர்பு எண்களில் ஸ்டார் குறியிட்டவர்கள் அழைத்தால் ஒலிக்கும்படி செய்யலாம். ஒரே எண்ணிலிருந்து அடுத்தடுத்து அழைப்பு வந்தாலும் ஒலிக்கும்படி வைக்கலாம். ஆண்ட்ராய்டில் இரண்டாம் அழைப்பு 15 நிமிடத்துக்குள் வர வேண்டும், ஐபோனில் 3 நிமிடத்துக்குள். பக்கத்து வீட்டுக்காரர் தெரியாத எண்ணிலிருந்து அழைத்தாலும் இரண்டாம் முறை அது நம்மை எழுப்பிவிடும். வீட்டில் உள்ள எல்லோரிடமும் “எடுக்கவில்லை என்றால் உடனே இன்னொரு தடவை அடியுங்கள்” என்று சொல்லிவைத்தால் போதும். கவனிக்க வேண்டிய ஓட்டை ஒன்று உண்டு: இந்த விதிகள் சாதாரண போன் அழைப்பை மனத்தில் வைத்து அமைந்தவை. வெளிநாட்டில் இருக்கும் மகளோ மகனோ வாட்ஸ்அப்பில்தான் கூப்பிடுவார்கள் என்றால், வாட்ஸ்அப்பை விதிவிலக்குச் செயலியாகத் தனியே சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு ஒருமுறை அவர்களை அழைக்கச் சொல்லிச் சோதித்துப் பார்க்காமல் இதை நம்பக் கூடாது.

படுக்கை நேர வசதிகளில் ஒன்று வேலை செய்கிறது, ஒன்று பெயருக்கு இருக்கிறது. திரையைக் கறுப்பு வெள்ளையாக்கும் கிரேஸ்கேல், வடக்கு டகோட்டாப் பல்கலைக்கழக மாணவர்களிடம் 2020-ல் வெளியான ஆய்வில் திரை நேரத்தை நாளுக்குச் சராசரியாகச் சுமார் 38 நிமிடம் குறைத்தது. ஆண்ட்ராய்டின் பெட்டைம் மோடில் இதை இரவு மட்டும் தானாக வரும்படி வைக்கலாம். திரையை மஞ்சளாக்கும் நைட் லைட்டின் மேல் அதே நம்பிக்கை வைக்க இடமில்லை. பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் 2021 ஆய்வில் ஐபோனில் இதே வேலையைச் செய்யும் நைட் ஷிஃப்ட்டால் தூக்கம் மேம்படவில்லை. கண்ணுக்கு இதமாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம், தூக்கத்துக்கு மருந்தாக அல்ல.

வாட்ஸ்அப்பில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். குழுக்களை ‘எப்போதும்’ என்று மியூட் செய்து ஆர்கைவுக்கு அனுப்பிவிட்டால், புதிய செய்தி வந்தாலும் அவை மேலே ஏறி வருவதில்லை. நம் பெயரைக் குறிப்பிட்டு யாராவது கேட்டால் அது தெரியும். சொந்தக்காரர்கள் வருத்தப்படுவார்களே என்ற தயக்கம் பலருக்கு உண்டு. நாம் மியூட் செய்தது நம்மைத் தவிர யாருக்கும் தெரியாது. 2023-இல் வந்த, முன்பின் தெரியாத எண்களின் அழைப்பை ஒலிக்காமல் செய்யும் வசதியையும் உடனே இயக்க வேண்டும். காவல்துறை என்று சொல்லி வீடியோ அழைப்பில் மிரட்டிப் பணம் பறிக்கும் ‘டிஜிட்டல் கைது’ மோசடிக்காரர்கள் நுழையும் முக்கிய வாசல்களில் வாட்ஸ்அப் ஒன்று. ஒலிக்காமல் போன அழைப்பும் பட்டியலில் பதிவாகும், தேவையென்றால் திருப்பிக் கூப்பிடலாம். சாதாரண அழைப்புகளுக்கு இதே கதவை அடைக்கக் கூடாது. மருத்துவமனையும் கூரியரும் பள்ளி வேன் ஓட்டுநரும் தெரியாத எண்ணிலிருந்துதான் அழைப்பார்கள். கடன் வேண்டுமா, கார்டு வேண்டுமா என்ற அழைப்புகளுக்கு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் வழி இருக்கிறது: 1909-க்கு ஸ்டார்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு 0 சேர்த்து எஸ்எம்எஸ் அனுப்பினால் விளம்பரத் தொடர்புகளுக்குத் தடை கேட்டதாகும். பதிவு செய்யாத நிறுவனங்கள் அதன்பிறகும் அழைக்கக்கூடும், ஆனால் அவற்றின் மீது புகார் கொடுக்கலாம். வங்கியின் பணப் பரிவர்த்தனைச் செய்தியும் ஓடிபியும் இதனால் தடைபடாது.

இந்த வாதத்துக்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான கேள்வி இரண்டு. முதலாவது, இங்கே சொன்ன ஆய்வுகளில் பல மாணவர்களையும் இளைஞர்களையும் வைத்து நடந்தவை. கவனச் சிதறல் எல்லா வயதுக்கும் பொது என்றாலும் எண்களை அப்படியே ஐம்பது வயதுக்குப் பொருத்த முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 38 நிமிடம் மிச்சமாகும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் திசை மாற வாய்ப்பில்லை. பொறுப்பு கூடியவருக்கு அவசரச் செய்தி வரும் சாத்தியமும் கூடுவதால், நிச்சயமின்மையின் பாரம் இளைஞரைவிட அவருக்கு அதிகம் என்றே கருதத் தோன்றுகிறது. இரண்டாவது கேள்வி இன்னும் ஆழமானது. நடுவயதின் கவலை கடனிலும் பெற்றோரின் நோயிலும் பிள்ளையின் எதிர்காலத்திலும் இருக்கிறது, அதைப் போன் செட்டிங்ஸ் தீர்க்குமா? தீர்க்காது. ஆனால் அந்தக் கவலைகள் ஒவ்வொன்றும் யோசித்து, பேசி, முடிவெடுக்க நேரம் கேட்பவை. அப்பாவுக்கு அறுவை சிகிச்சை செய்வதா வேண்டாமா என்று அண்ணன் தம்பிகள் உட்கார்ந்து பேசும் அரை மணி நேரத்தில் பத்து முறை போன் அதிர்ந்தால், அந்தப் பேச்சு உருப்படியாக நடக்காது. மன உறுதி இருந்தால் போதும், செட்டிங்ஸ் எதற்கு என்று சொல்வோரும் உண்டு. நாளெல்லாம் எடுக்காமல் இருக்க முயன்றுகொண்டே இருப்பதும் ஓர் உழைப்புதான். ஒருமுறை மாற்றி வைத்த செட்டிங் அந்த உழைப்பைக் கேட்பதில்லை.

இந்த அடிப்படையில் மதிப்பிட்டால், நேரம் குறித்துத் தருவதில் ஐபோன் முன்னால் நிற்கிறது, வகை பிரிப்பதில் ஆண்ட்ராய்டு. போனை முதன்முதலாக இயக்கும்போதே “அவசரமில்லாதவற்றை எந்த வேளையில் காட்ட?” என்று கேட்கும் நாள் வந்தால் பாதி வேலை மிச்சம்; அதுவரை பயனர்தான் தேடிப் போக வேண்டும். மாதாந்திரக் கட்டணம் கட்டி அமைதிச் செயலி வாங்குவதற்கு முன்பு இதைச் செய்துவிடுவது நல்லது; பிறகும் தியானம் வேண்டும் என்று தோன்றினால் அதற்கு அமைதியான இருபது நிமிடமாவது கிடைக்கும். இரவுப் பணி அழைப்புக்குக் காத்திருக்கும் மருத்துவர், மின்வாரிய ஊழியர் போன்றவர்கள் வேலை நாள்களில் இந்த இரவு விதிகளைப் பயன்படுத்தாமல் இருப்பதே சரி. மற்றவர்கள் தொடர்ந்து பராமரிக்க வேண்டியது ஸ்டார் பட்டியலை மட்டும்தான். வீட்டுக்குப் புதிதாக வரும் செவிலியரின் எண், விடுதிக்கு மாறிய மகனின் வார்டன் எண், அம்மா புதிதாக வாங்கிய சிம்மின் எண், இவை கிடைத்த அன்றே அதில் ஏற வேண்டும்.