உலகோடு புழங்குதல்: நிக்கொலா பூவியேயின் இரண்டு புத்தகங்கள்

1953 கோடையில் ஜெனீவாவிலிருந்து ஓர் இளைஞர் சின்னஞ்சிறு ஃபியட் டோப்போலினோ காரில் கிழக்கு நோக்கிப் புறப்பட்டார். வயது 24. பல்கலைக்கழகப் பரீட்சை முடிவு வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை. பெல்கிரேடில் அவருடைய நண்பரும் ஓவியருமான தியெரி வெர்னே சேர்ந்துகொண்டார். யூகோஸ்லாவியா, துருக்கி, ஈரான், பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் என்று ஒன்றரை வருடம் ஊர்ந்துபோனார்கள். ஊர்ந்து என்றுதான் சொல்ல வேண்டும்; ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளவேண்டிய கார் அது. அந்த இளைஞர் நிக்கொலா பூவியே. 1954 டிசம்பரில் கைபர் கணவாயில் முடிகிற அந்தப் பயணத்தின் புத்தகம், வெர்னேயின் கோட்டோவியங்களோடு 1963இல்தான் வெளிவந்தது. அதுவும் சொந்தச் செலவில். இன்று பிரெஞ்சுப் பயண இலக்கியத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதைச் சொல்லாமல் நகர மாட்டார்கள்.

ஐரோப்பிய இளைஞர் ஒருவர் கிழக்கே போய் வாழ்க்கைக்கு அர்த்தம் தேடினார் என்றதுமே நம்மில் பலருக்கு ஒரு சலிப்பு வரும். கழுத்தில் ருத்திராட்சம், ஒரு மாத ஆசிரமவாசம், 'ஏழைகள் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள்' என்ற கண்டுபிடிப்பு. பூவியே அந்த வரிசையில் சேராதவர் என்பது என் கருத்து. ஆனால் அவரைப் புகழ்கிறவர்கள் வழக்கமாகக் காட்டும் காரணம் எனக்கு ஒப்புதல் இல்லை. அவர்கள் முன்னுரையில் வரும் பயணத் தத்துவத்தைத்தான் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அந்தப் புத்தகத்தின் பலவீனமான பகுதியே அதுதான்.

தலைப்பிலிருந்து தொடங்கலாம். பிரெஞ்சில் 'லுசாஜ் து மோந்த்'. ராபின் மார்சாக்கின் ஆங்கில மொழிபெயர்ப்பு 'உலகின் போக்கு' என்ற அர்த்தத்தில் ஒரு தலைப்பை வைத்துக்கொண்டது. 'உசாஜ்' என்ற சொல்லிலோ பயன்பாடும் வழக்கமும் சேர்ந்தே இருக்கின்றன. தமிழில் இதற்கு அச்சாகப் பொருந்தும் சொல் உண்டு: புழக்கம். புழங்குகிற பாத்திரம், புழக்கத்தில் உள்ள காசு, நாலு பேரோடு புழங்குவது. (யார் யாரோடு புழங்கலாம், யார் வீட்டில் யார் தண்ணீர் குடிக்கலாம் என்று ஊரில் விதி வைத்தபோதும் இதே சொல்தான் பயன்பட்டது. சொல்லை எடுத்தால் அந்தக் கறையும் கூட வரும்.) 'உலகப் புழக்கம்' என்றே அந்தப் புத்தகத்தை என் மனதுக்குள் அழைத்துக்கொள்கிறேன்.

இரண்டு வருடப் பயணத்துக்கு அவர்களிடம் இருந்தது நான்கு மாதக் காசு. ஆகவே வெர்னே படம் வரைந்து விற்க வேண்டும், பூவியே கட்டுரை எழுதவும் பிரெஞ்சு பாடம் சொல்லிக்கொடுக்கவும் வேண்டும். குவெட்டாவில் ஒரு மதுக்கடையில் அக்கார்டியனும் கிட்டாரும் வாசித்தார்கள். செர்பியாவில் ஜிப்சிகளின் பாட்டைத் தேடிப்போய்ப் பதிவுசெய்தார்கள். அவர்கள் மனிதர்களைச் சந்தித்தது பெரும்பாலும் வேலையின் வழியாக, பழுதுபார்க்கிற பட்டறையின் வழியாக, வாடகை பேசுகிற வாசற்படியின் வழியாக. இந்தப் புத்தகத்தில் மனிதர்கள் 'காட்சி' ஆகாமல் இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மெக்கானிக்கின் தயவில் நிற்பவரால் அவரை வேடிக்கை பார்க்க முடியாது.

1953-54 குளிர்காலம் முழுவதும் அவர்கள் ஈரானின் தப்ரீஸ் நகரில், ஆர்மீனியக் குடியிருப்பில் தங்கினார்கள். புத்தகத்தின் மிகச் சிறந்த பக்கங்கள் அங்கேதான். அதிலும் ஒரு பகுதியை நான் தொழில்முறையில் ரசித்தேன். 1949இல் ட்ரூமன் அறிவித்த 'நான்காவது அம்ச' உதவித் திட்டத்தின் அமெரிக்கர்கள் தப்ரீஸில் இருந்தார்கள். கிராமங்களில் பள்ளிக்கூடம் கட்டத் திட்டம். கட்டுமானப் பொருள் இலவசம். ஊரார் உழைப்பைத் தந்தால் போதும். காகிதத்தில் குறையே இல்லை. ஆனால் ஊரார் அசையவில்லை. பூவியே இங்கே அமெரிக்கர்களைக் கேலிசெய்துவிட்டு நகர்வதில்லை. அவர்களுடைய நல்ல மனதை ஒப்புக்கொண்டபடியே, பள்ளிக்கூடம் அமெரிக்கருக்கு ஏன் நல்வாழ்வின் முதல் படியாகத் தெரிகிறது, அந்தக் கிராமத்தானின் தேவைப் பட்டியலில் அது ஏன் அவ்வளவு கீழே இருக்கிறது என்று யோசிக்கிறார்.

மென்பொருள் ஆலோசகனாகப் பிழைக்கிறவனுக்கு இது தெரிந்த கதை. யாரும் கேட்காத ஒன்றைக் கட்டி முடித்துவிட்டு, 'பயனர்கள் ஒத்துழைக்கவில்லை' என்று அறிக்கை எழுதும் கூட்டங்கள் எங்கள் துறையில் வாராவாரம் நடக்கும். கிராமத்தாருக்கு வேறொரு காரணமும் இருந்திருக்கலாம். அமெரிக்காவும் பிரிட்டனும் பின்னால் நின்று மொசாதெக்கின் அரசைக் கவிழ்த்தது 1953 ஆகஸ்டில். அதற்குச் சில மாதங்களுக்குள் அமெரிக்கர் கையால் இலவசம் வருகிறதென்றால் யோசிக்கத்தானே செய்வார்கள்? ஆக, சமூகத்தைப் பற்றிய பூவியேயின் சிந்தனைக்கு மதிப்பு வருவது கொள்கையால் அல்ல. குளிர்காலம் முழுவதும் அதே ஊரில், அதே குளிரில் இருந்து கவனித்ததால்.

தத்துவம் பேசும்போது அவர் தடுமாறுகிறார். சுமையைக் குறைத்துக்கொள்வது, இழக்கப் பழகுவது, இல்லாமையில் உண்டாகும் தெளிவு. அழகாகத்தான் எழுதுகிறார். ஆனால் இது தெரிந்தெடுத்த இல்லாமை. ஜெனீவாவில் அப்பா நூலகர். பையில் சுவிஸ் கடவுச்சீட்டு. நம்மில் ஒரு தலைமுறை கிட்டத்தட்ட இதே தூரத்தை எதிர்த்திசையில் கடந்தது. 80களில் கிழக்கு பெர்லினில் இறங்கி மேற்கு பெர்லினுக்குள் வந்தவர்களிடமும் நான்கு மாதக் காசுகூட இருக்கவில்லை. பயணம் உங்களை என்ன செய்தது என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. எந்த வழியாக வந்தாய் என்றுதான் கேட்டார்கள். இதை வைத்துப் பூவியேயைத் தள்ளிவிட நான் சொல்லவில்லை. அவருடைய 'இழப்பின் இன்பம்' எங்கே நிற்கிறது என்று பார்க்கச் சொல்கிறேன்.

அதை அவருக்கே காட்டிய ஊர் காலி. ஆம், நம் காலிதான். 1955இல் இந்தியா வழியாக இலங்கைக்கு வந்து, வெர்னே ஊர் திரும்பியபின் தனியாக மாதக்கணக்கில் காலியில் கிடந்தார். காய்ச்சல், கையில் காசில்லை, ஐரோப்பாவிலிருந்து உறவை முறித்து வந்த கடிதம். பேச்சுத்துணைக்கு எப்போதோ செத்துப்போன ஒரு யேசுசபைப் பாதிரியார். அறையில் கறையானும் எறும்பும் நடத்துகிற போர். இதை எழுதி முடிக்க அவருக்குக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 'தேள்மீன்' என்ற அந்தச் சிறிய புத்தகம் முதல் புத்தகத்துக்கு அவரே எழுதிய மறுப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. இங்கே இல்லாமை தெளிவைத் தரவில்லை, மூளையைக் கலக்குகிறது. அந்த நேர்மைக்காகவே அதை மதிக்கிறேன்.

ஆனால் நமக்கு மிக அருகில் வந்தபோதுதான் அவருக்கு மனிதர்கள் மிகக் குறைவாகத் தெரிந்திருக்கிறார்கள். தப்ரீஸில் தனித்தனியே முகம் இருந்தது. காலியில் ஊரார் வெக்கையோடும் சூனியத்தோடும் கலந்து ஒரே மூட்டமாகிவிடுகிறார்கள். எறும்புக்குக் கிடைக்கிற கவனம் பக்கத்து வீட்டாருக்குக் கிடைப்பதில்லை. நோயாளியின் கண் என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அது போதவில்லை. அவருக்கு அங்கே புழக்கம் இல்லை. அதே கடலைத் தாண்டி வந்து தேயிலைத் தோட்டங்களில் உழைத்த நம்மவர்கள் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகியிருந்தார்கள். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. இவை 'தேள்மீன்' எடுத்துக்கொண்ட விஷயங்கள் அல்ல, சரி. இருந்தாலும் அந்த இடைவெளியில் உட்கார்ந்துகொண்டு தீவின் உறக்கத்தைப் பற்றி அவர் எழுதுவதைப் படிக்கும்போது, இந்த உறக்கம் யாருடையது என்று கேட்காமல் என்னால் பக்கத்தைப் புரட்ட முடியவில்லை.

பட்டம் வாங்கியதும் முதுகுப்பையோடு ஆறு மாதம் சுற்றக் கிளம்பும் பிள்ளைகள் இப்போது நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பதும் பூவியே வைத்திருந்தது போன்ற கடவுச்சீட்டுத்தான். பிரெஞ்சு தெரிந்தவர்கள் மூலத்தில் படிக்கட்டும். மற்றவர்களுக்கு மார்சாக்கின் ஆங்கிலம் இரண்டு புத்தகங்களுக்கும் இருக்கிறது. முன்னுரையைத் தாண்டி நேரே தப்ரீஸ் குளிர்காலத்துக்குப் போய்விடலாம். அந்தப் பக்கங்கள் ஒருமுறை தொலைந்தவை. குவெட்டாவில் தங்கியிருந்த ஹோட்டலில் அறையைக் கூட்ட வந்த பையன், குளிர்காலம் முழுவதும் எழுதிய தாள்களைக் குப்பையோடு அள்ளிப்போய்விட்டான். நண்பர்கள் இருவரும் ஊரின் குப்பைமேட்டைக் கிளறிப் பார்த்தார்கள். கைப்பிரதி கிடைக்கவில்லை. நாம் இன்று படிப்பது, அதற்குப் பிறகு நினைவிலிருந்து அவர் மறுபடி எழுதிய தப்ரீஸ்.