நடைவண்டியும் மேய்ப்பனும்

இம்மானுவேல் காண்ட் 1784ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பெர்லின் மாத இதழொன்றில் வெளியிட்ட ‘அறிவொளி என்பது யாது?’ என்னும் சிறு கட்டுரை, நம் வகுப்புகளில் பெரும்பாலும் இரண்டே வாக்கியங்களில் முடிந்துவிடுகிறது. பிறருடைய வழிநடத்துதலின்றித் தன் அறிவைப் பயன்படுத்தத் துணிவதே அறிவொளி என்று எழுதிக்கொண்டு மாணவர் அடுத்த தலைப்புக்குச் செல்கின்றனர். சுயமாகச் சிந்திக்கவேண்டும் என்பதையே மனப்பாடம் செய்து ஒப்புவிக்கும் விந்தையை ஆண்டுதோறும் விடைத்தாள்களில் காண்கிறோம். அக்குறிப்பைச் சொல்லி எழுதவைத்தவர் நாமே என்பதை மறைப்பதற்கில்லை.

இக்கட்டுரை பிறந்த வரலாறு போதகருக்கு அயலானதன்று. திருமணங்களைக் குருமார்தாம் நடத்திவைக்கவேண்டுமோ என்று அதே இதழில் 1783இல் ஒருவர் கேட்டிருந்தார். அவரை மறுத்தெழுதிய பெர்லின் போதகர் சோல்னர், எல்லாரும் அறிவொளி என்கிறார்களே, அஃது இன்னதென்று எவரும் விளக்கக் காணோமே என்று அடிக்குறிப்பொன்றில் வினவினார். அவ்வடிக்குறிப்புக்கு வந்த மறுமொழிகளுள் ஒன்றே காண்டின் கட்டுரை.

அவர் காட்டும் சான்றுகள் அன்றாட வாழ்வினின்று எடுத்தவை. எனக்காக அறிந்துகொள்ள ஒரு நூலும், எனக்காக மனச்சாட்சி கொண்டிருக்க ஒரு போதகரும், என் உணவைத் தீர்மானிக்க ஒரு மருத்துவரும் இருப்பின் நான் ஏன் வருந்தவேண்டும்? இப்படிச் சோம்பலும் அச்சமுமாய் மனிதர் நடைவண்டியை விடாது பற்றியிருக்கின்றனர்; இரண்டொரு முறை விழுந்தால் நடை பழகிவிடும் என்பது காண்டின் துணிபு. இம்மூவருள் நாம் எவர் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

ஆயினும் கட்டுரையின் நடுப்பகுதி நமக்கு இடறலாயிருக்கிறது. காண்ட் அறிவின் பயனைப் பொதுப்பயன், தனிப்பயன் என இரண்டாக்குகிறார். கற்றவன் வாசகர் உலகுக்கு எழுதுவது பொதுப்பயன், அதற்குத் தடையிருத்தலாகாது. பதவியிலிருந்து ஒருவன் செய்வது தனிப்பயன். அங்கே அவன் கீழ்ப்படியவேண்டும். ஆலயத்தில் ஒரு சபையார் முன்பாகப் போதகர் பேசுவது இக்கணக்கில் தனிப்பயனாம்! காண்டுக்கு நியாயமும் செய்யவேண்டும். மாறாத பிரமாணமொன்றால் பின்வரும் தலைமுறைகளையும் கட்டிவைக்கும் திருச்சபை மன்றத்தை அவர் வன்மையாகக் கண்டிக்கிறார். தம் பதவி சமயத்தின் உட்பொருளுக்கே முரணானதென்று காணும் போதகர் அதைத் துறக்கவேண்டும் என்றும் கூறுகிறார். ஆனால் பதவியைத் துறக்குமளவு பெரிதல்லாத நூறு காரியங்களில் அல்லவோ நம் வாழ்நாள் கழிகிறது? ஆடி மாதத்தில் மணம் செய்யச் சபையார் சிலர் தயங்கும்போது, ஏன் என்று கேட்க நமக்குத் துணிவுண்டு. தவக்காலத்தில் மணமுடித்துவைக்க மறுக்கும் நம்மை அவர்கள் ஏன் என்று கேட்டால், ‘சபை ஒழுங்கு’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். ஒழுங்குக்குத் தக்க காரணம் இருக்கக்கூடும்; அதைச் சொல்லும் வழக்கம் நம்மிடம் இல்லை. இதைக் குறித்து ஏட்டில் கட்டுரை வரைய நமக்கு உரிமையுண்டு என்பதால் கேட்டவருக்கு என்ன பயன்?

இக்குறையை அன்றே கண்டவர், காண்டின் ஊராரும் நண்பருமான ஹாமன். 1784 டிசம்பர் 18 தேதியிட்டு கிராவுஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்தில், பிள்ளை நிலையிலிருப்பவனைப் பழிப்பானேன், பழி அவனுடைய காப்பாளரைச் சேராதோ என்று அவர் கேட்கிறார். வீட்டில் அடிமையுடை உடுத்தியவனுக்கு வெளியில் அணியும் விழாவுடையால் ஆவதென்ன என்பதும் அவர் கேள்வியே. பெண்ணினம் முழுவதும் சுயசிந்தனைக்கு அஞ்சுவதாகக் காண்ட் எழுதியதையும், மூன்று பெண்மக்களின் தந்தையாகிய அவர் பொறுக்கவில்லை. ஹாமனின் இல்லறம் எக்குருவானவராலும் ஆசீர்வதிக்கப்பட்டதன்று என்பதையும் இங்கே நினைத்துக்கொள்கிறோம். சோல்னர் என்ன சொல்லியிருப்பாரோ!

காண்ட் தாமும் பின்னர்ச் சோதனைக்கு உட்பட்டார். அவர் புகழ்ந்த பிரெடெரிக் மன்னர் 1786இல் மறைந்தார். 1788இல் சமயக் கட்டளை வந்தது. 1794இல், எழுபது வயதில், சமயத்தைப் பற்றி எழுதியமைக்காக அரச கண்டனம் பெற்றார். இம்முறை தடுக்கப்பட்டது பொதுப்பயனே. மாட்சிமை தங்கியவரின் உண்மையுள்ள குடிமகனாக இனி அதைப் பற்றி எழுதேன் என்று வாக்களித்தார். 1797இல் மன்னர் மறைந்ததும், அவருடைய குடிமகனாகவே வாக்களித்ததால் கட்டு நீங்கிற்று என்று கொண்டு, 1798இல் அக்கடிதங்களையே ஒரு நூலின் முகவுரையில் அச்சிட்டார். இதை நேர்மை என்பதா, சாமர்த்தியம் என்பதா? மாணவரிடம் இவ்வினாவை வைத்தபோது, முதலில் அவர்கள் எழுதுகோலைத் திறந்துகொண்டு நம் விடைக்காகக் காத்திருந்தனர்.