இரண்டு பாம்புகளும் ஒரு வெற்றிக் கதையும்

நீராவி டர்பைனின் கதையை நான் எங்கே படித்தாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறது. 1897, ஸ்பிட்ஹெட். விக்டோரியா ராணியின் வைர விழாவுக்கு இங்கிலாந்தின் போர்க்கப்பல்கள் அணிவகுத்து நிற்கின்றன. சார்லஸ் பார்சன்ஸின் குட்டிக் கப்பல் டர்பினியா நடுவில் புகுந்து பறக்கிறது. துரத்தியவர்களால் பிடிக்க முடியவில்லை. அடுத்த காட்சி 1906: டர்பைனில் ஓடும் மாபெரும் ட்ரெட்நாட். கைதட்டல்.

இந்தச் சொல்முறையோடு எனக்குச் சண்டை இருக்கு. நடுவில் ஒன்பது வருஷம் எங்கே போச்சு?

அங்கேதான் வைப்பர், கோப்ரா என்ற இரண்டு டிஸ்ட்ராயர்கள் வருகின்றன. டர்பைன் பொருத்திய முதல் போர்க்கப்பல்கள். சோதனை ஓட்டத்தில் வைப்பர் 36 நாட் வேகத்தைத் தாண்டியது. 1901 ஆகஸ்ட் 3 அன்று, போர் ஒத்திகையின்போது மூடுபனியில் ஆல்டர்னி அருகே பாறையில் மோதி அழிந்தது. ஆட்கள் பிழைத்தார்கள். ஏழு வாரம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 18 அன்று, டைன் நதியிலிருந்து போர்ட்ஸ்மவுத்துக்குப் போன கோப்ரா, கொந்தளித்த வட கடலில் இரண்டாக உடைந்தது. 79 பேரில் 67 பேர் இறந்தார்கள். பார்சன்ஸ் தொழிற்சாலையின் மேலாளர் ராபர்ட் பர்னார்டும் அவர்களில் ஒருவர்.

இதைத் தொடுகிறவர்கள் சிலர் "பாம்புப் பெயர் ராசியில்லை" என்று சுவாரஸ்யமாக முடித்துவிடுகிறார்கள். சிலர் "டர்பைன்மேல் தப்பில்லை" என்று சொல்லிவிட்டு ட்ரெட்நாட்டுக்கு ஓடுகிறார்கள். தப்பில்லைதான். ஆனா, அப்புறம் எதன்மேல்?

ராணுவ நீதிமன்றம் பதில் சொன்னது: கோப்ரா எதிலும் மோதவில்லை; அதன் கட்டுமானமே மற்ற டிஸ்ட்ராயர்களைவிட பலவீனம்; அது கடற்படைக்கு வாங்கப்பட்டது வருந்தத்தக்கது. கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். "வாங்கப்பட்டது." யார் வாங்கினார்கள்? வாக்கியத்தில் எழுவாயே கிடையாது. ஆர்ம்ஸ்ட்ராங் நிறுவனம் ஆர்டர் இல்லாமலே கட்டிய கப்பல் அது. ஆளே இல்லாத வருத்தம்.

மென்பொருள்காரனாக எனக்கு இது பழகிய விஷயம். அமைதியான நீரில், குறைந்த சுமையில் எடுத்த எண்ணை வைத்து ஒரு தலைமுறையே 30 நாட், 30 நாட் என்று ஓடியது. எடை குறைக்கத் தகடு மெலிந்தது. அந்த எண் கடலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

1903 முதல் வந்த ரிவர் வகைக் கப்பல்களுக்குக் கேட்ட வேகம் 25.5 நாட்தான். முன்பகுதி உயரம், உடம்பு உறுதி. அவற்றில் ஈடன் என்ற ஒன்றில் டர்பைனும் இருந்தது. இயந்திரம் அதேதான், அதைத் தாங்கும் கப்பல்தான் மாறியது.

என் பார்வையில் டர்பைன் கதையின் திருப்பம் ஸ்பிட்ஹெட் அல்ல, இந்த மெதுவான கப்பல்தான். 67 பேரை விட்டுவிட்டால் அது ஏன் மெதுவானது என்பதே புரியாது.