விழாவின் உள்பக்கம்

நியூஜெர்சியில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆவணங்கள் இருக்கும் மட் நூலகத்தில் பேனா கூடாது, பென்சில் மட்டும்தான். பென்சில் தரும் அந்த நிதானத்துக்கு ஏற்றவை பல்கலைக்கழக விழாக்களின் ஏற்பாட்டுக் காகிதங்கள். எனக்கு அவற்றின்மேல் கொள்ளை ஆசை. ஊர்வலத்தில் யாருக்குப் பின்னால் யார், விருந்தினருக்கு எந்த வரிசை, மழை வந்தால் எங்கே போவது என்று கல்யாண வீட்டுப் பெரியவர் போடும் பட்டியல் போல எல்லாம் முன்கூட்டியே யோசித்தவை. பழைய கார்பன் நகல் விரல் பட்டாலே சலசலக்கும். தட்டச்சு அழுத்திய எழுத்துகள் தாளின் பின்பக்கம் மேடாகத் தட்டுப்படும். கிளிப் இருந்த இடத்தில் துருவின் தடம்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, பட்டமளிப்பன்று ஒரு மாணவர் லத்தீனில் ஆற்றும் வரவேற்புரையின் அச்சுப்படி. பட்டம் பெறுபவர்களின் பிரதியில் எங்கே சிரிக்க வேண்டும், எங்கே கைதட்ட வேண்டும் என்று லத்தீனிலேயே அடிக்குறிப்பு உண்டு. பார்வையாளர்களுக்கு அது கிடையாது. பிள்ளைகள் சரியான இடத்தில் கொல்லென்று சிரிக்க, லத்தீன் இவ்வளவு நன்றாகத் தெரியுமா என்று பெற்றோர் பூரித்துப் போவார்கள். அந்தக் குறும்பையும் பொறுமையாக மெய்ப்புப் பார்த்து அச்சுக்கு அனுப்பியிருக்கிறார்களே, அந்த அக்கறை எனக்கு மேடைப் பேச்சைவிட இனிக்கிறது.