கேட்டவர் கண்ணீர்

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி ஒழிந்து, 1994ஆம் ஆண்டில் எல்லா இனத்தாரும் வாக்களித்த மக்களாட்சி பிறந்தது. பழைய கொடுமைகளை ஆராயப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் அமைந்த உண்மை, நல்லிணக்க ஆணையம் 1996இல் சாட்சியம் கேட்கத் தொடங்கிற்று. அவ்வமர்வுகளுக்கு வானொலிச் செய்தியாளராகச் சென்ற வெள்ளையினக் கவிஞர் ஆன்ட்ஜி குரோக் 1998இல் வெளியிட்ட நூலே ‘கண்ட்ரி ஆஃப் மை ஸ்கல்’.

தமது தாய்மொழியாகிய ஆப்பிரிக்கான்சில் கொலையாளிகள் குற்றங்களை விவரிக்கக் கேட்டு ஆசிரியர் கூசிக் குறுகும் பக்கங்கள் உயர்ந்தவை. தம் இனத்தின் பழியை மறைக்காத நெஞ்சுரம் எளிதன்று.

எனினும் ஒரு குறை உண்டு. அறிவிப்பாளர் இன்னார் எனத் தேர்ந்து செய்தியை நிறுக்கும் ஹதீஸ் கலையில் பயின்றவன் யான். ஆசிரியரோ சாட்சியத்தோடு கற்பனையும் கலந்திருப்பதை நூலுள் தாமே ஒப்புகிறார். பிள்ளையை இழந்த தாயின் சொல், கவிஞரின் மனவேதனைக்கு முகவுரையாகி விடுகிறது. சொன்னவள் மறைகிறாள், கேட்டவர் நிற்கிறார்.

சாட்சி சொன்னோரை மறந்த குறை ஆட்சிக்கும் உண்டு. அரசியல் நோக்கில் செய்த குற்றத்தை முழுமையாக வெளிப்படுத்தியவருக்குப் பொதுமன்னிப்பு கிட்டிற்று; அவர் வருந்தவேண்டும் என்றுகூடச் சட்டம் கேட்கவில்லை. பாதிக்கப்பட்டோர்க்கு ஆறாண்டுகள் உதவித்தொகை வழங்க ஆணையம் பரிந்துரைத்தது. அரசு 2003இல் அறிவித்ததோ, தலைக்கு ஒரேமுறை 30,000 ராண்டு.

இந்நூலை அவசியம் படியுங்கள். ஆயின், கேட்டவரின் கண்ணீர் சொன்னவரின் ஹக்குக்கு ஈடாகாது என்பதையும் மறவாதீர்.