'நீங்க யாரு?' என்கிற கேள்வி: புனைபெயர், போலி, பொறுப்பு

சிறுபத்திரிகை ஒன்றில் ஒரு கட்டுரைக்கு எதிர்வினை வருகிறது. எழுதியவர் பெயர் புதிது. அவ்வளவுதான், எழுதப்பட்ட விஷயத்தை அப்படியே விட்டுவிடுகிறோம். 'இது அவனோட நடைய்யா, ரெண்டு பேர்ல எழுதுறான்.' 'அப்படி ஒரு பொம்பளையே கிடையாது, பின்னால இருக்கிறது ஆம்பளை.' சாரத்து டீக்கடைகளில் நின்றுகொண்டு இந்தத் துப்பறிதலை மணிக்கணக்கில் கேட்டிருக்கிறேன். எந்தச் சொல் எத்தனை தடவை வருகிறது, யார் வழக்கமாக அப்படி எழுதுவார் என்று கைரேகை பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். இதில் பாதி அக்கறையோடு அந்த எதிர்வினையை வாசித்திருந்தால் விவாதம் எங்கேயோ போயிருக்கும்.

சில்லறைச் சண்டை, விட்டுத் தள்ளு என்று சொல்லலாம். என்னால் அப்படித் தள்ள முடியவில்லை. 'நீங்க யாரு?' என்பது நம்மிடையே பெயரோடு நிற்கிற கேள்வி அல்ல. எந்த ஊரு, எந்தத் தெரு, யாரோட மகன் என்று நகர்ந்து 'நீங்க என்ன ஆளுங்க?' என்பதில்தான் அது இளைப்பாறும். அசல் பெயர் என்று நாம் கேட்பது அப்பன் வைத்த, சாதி ஒப்புக்கொண்ட, மதம் பதிவுசெய்த பெயரை. பிறப்பால் வந்தது அசல், தானே தேர்ந்துகொண்டது போலி என்று பிரிக்கிற சொல்லாடலுக்குள்தான் அதிகாரம் உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பிரிவினையை ஏற்றுக்கொண்டால் காத்தவராயன் அசல், அயோத்திதாசர் போலி என்றாகிவிடும். தன் ஆசானின் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டவர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் களையச் சொன்னபோதும், பெயரை மாற்றுவது அரசியல் செயல்பாடு என்றுதான் சொன்னது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, தமது சாதி, மத வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் புதிய குடும்பப் பெயர் ஒன்றையும் ஏற்றார்கள். ரெனோன்சான்கள் என்று அவர்களைச் சொல்வோம். காலணியோடு நீதிமன்றத்தில் நுழைந்ததற்காக 1873இல் தடுக்கப்பட்ட வழக்கறிஞர் பொன்னுத்தம்பி, லப்போர்த் ஆனது இப்படித்தான். அரசாங்கப் பதிவேட்டில் கையெழுத்திட்டால் அது பெயர், பத்திரிகையில் போட்டுக்கொண்டால் அது முகமூடியா? அசல் என்பதன் பின்னால் அரசு முத்திரையைத் தவிர வேறென்ன இருக்கிறது?

இந்த ஊரில் அந்தக் கேள்வியை இன்னொரு தரப்பும் விடாமல் கேட்டது. 1908இலிருந்து 1918 வரை பாரதி இங்கே இருந்தார். ஷெல்லிதாசன், காளிதாசன், சக்திதாசன் என்று பல பெயர்களில் எழுதியவர். அவரையும் நண்பர்களையும் சுற்றி பிரிட்டிஷ் உளவாளிகள் திரிந்தார்கள். யார் எழுதியது, யார் யாரைப் பார்க்க வந்தது என்பது அவர்கள் தொழில். எதிர்வினை எழுதியவரின் முகவரியைத் தேடி அலைகிற நம் முற்போக்கு நண்பர்கள், இந்தத் தொழில் யாருடையது என்று ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

ஃபூக்கோ 1980இல் 'லெ மோந்த்' நாளிதழுக்குப் பெயர் சொல்லாமல் ஒரு நேர்காணல் கொடுத்தார். புகழ்பெற்ற பெயர் வாசிப்பை முந்திக்கொண்டுவிடுகிறது என்பது அவர் கவலை. நமக்கு அது பாதிதான் பொருந்தும். அங்கே பெயரைத் துறந்தவர் பேர்பெற்ற பேராசிரியர். துவரங்குறிச்சியில் வீட்டாருக்குத் தெரியாமல் எழுதிய சல்மாவுக்கு வேறு பெயர் தத்துவ விளையாட்டு அல்ல. அந்தப் பெயர் இல்லாமல் அந்தக் கவிதைகள் வெளியே வந்திருக்காது. பெண் பெயரைப் பார்த்ததும் 'ஆம்பளைதான்' என்று தீர்ப்பு எழுதுகிறவன், நிஜமாகவே மறைந்து எழுதுகிற ஒருத்தியை இரண்டு முறை அழிக்கிறான். அவள் தன்னை நிரூபிக்க வெளியே வந்தால் வீடு தண்டிக்கும். வராவிட்டால் போலி.

அப்படியானால் முகமூடிகள் எல்லாமே புனிதமா? இல்லை. மொட்டைக் கடுதாசியும் பெயரில்லாத எழுத்துதான். சாதி மாறிக் கல்யாணம் செய்தவர்களைப் பற்றி, வேலைக்குப் போகிற பெண்ணைப் பற்றி ஊரெல்லாம் போகிற அந்தக் கடுதாசி எத்தனை பேரை அழித்திருக்கிறது! வித்தியாசம் எங்கே? புதுமைப்பித்தன் 'ரசமட்டம்' என்ற பெயரில் கல்கியோடு மோதினார். கல்கி பலம் பொருந்தியவர், பதில் சொல்ல அவருக்குப் பத்திரிகை இருந்தது. விமர்சனம் அவர் எழுத்தைப் பற்றியது, யாரும் எடுத்துச் சரிபார்க்கலாம். மொட்டைக் கடுதாசி மேலிருந்து கீழே பாய்வது, ஒழுக்கத்தைப் பற்றியது, பதில் சொல்ல இடமே தராதது. ஆக, எழுதினவர் யார் என்று தெரியாமலேயே இரண்டையும் பிரித்துவிட முடிகிறது.

ஒரு விஷயம் மிச்சமிருக்கிறது, நாம் பேசத் தயங்குவது. 1908இல் 'இந்தியா' எழுத்துகளுக்காக வழக்கு வந்தபோது சிறைக்குப் போனவர், பதிவில் ஆசிரியராக இருந்த எம். சீனிவாசன். பாரதி புதுச்சேரிக்கு வந்துவிட்டார். பாரதி வந்தது சரியா தப்பா என்று இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. மறைந்திருந்து எழுதப்படும் எழுத்துக்கு யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார் என்பதை அந்தப் பெயர் நினைவூட்டுகிறது. கேட்க வேண்டியது அதைத்தான்: இதற்கு விலை கொடுப்பது யார்? சல்மாவின் பெயருக்கு விலை கொடுத்தது சல்மா. மொட்டைக் கடுதாசிக்கு விலை கொடுப்பது அதில் குறிவைக்கப்பட்டவர்.

பொறுப்பு ஆசிரியர் குழுவிடம் இருக்கிறது. புனைபெயரில் வருவதை அச்சிடுங்கள். எழுதியவர் யார் என்பதை உங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், யார் வந்து கேட்டாலும், நண்பரே கேட்டாலும். ஒருவரின் வாழ்வைக் குறிவைக்கிற எழுத்து என்றால் எந்தப் பெயரில் வந்தாலும் திருப்பி அனுப்புங்கள். அச்சிட்டுவிட்டால் உங்கள் பெயரில் பதில் சொல்லுங்கள். வாசகர்களான நமக்கு ஒரு வேலைதான். அடுத்த எதிர்வினை வரும்போது, அதில் சொல்லியிருப்பது சரியா என்று முதலில் பார்ப்போம்.